பாட்டி நின்னுட்டாங்க!

ஞாயிற்றுக்கிழமை இரவு எட்டு மணி என்றால் எங்கள் வீட்டில் பாட்டி நேரம். என் அம்மா மன்னார்குடிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருக்கிறார். வயது 78. காது நன்றாகவே மந்தம். கருவி வாங்கிக் கொடுத்துப் பார்த்தோம். "உள்ளுக்குள்ள வண்டு குடையற மாதிரி இருக்குடா" என்று கழற்றி பீரோவில் வைத்துவிட்டார். ஆகையால் போனில் குரலை மட்டும் வைத்துக்கொண்டு அவரோடு பேசுவது நடவாத காரியம். முகத்தைக் காட்டினால் பேச்சு தடையில்லாமல் ஓடும். உதட்டைப் பார்த்தே பாதியைப் புரிந்துகொள்வார். மீதியைத் தாமாகவே இட்டு நிரப்பிக்கொள்வார். அந்த வகையில் இந்த வீடியோ பேச்சு எங்கள் குடும்பத்துக்குக் கிடைத்த வரப்பிரசாதம்.

என் மகள் மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளியில் ஆங்கிலம், தெலுங்கு. தெருவில் விளையாட்டு முழுக்கத் தெலுங்கு. வீட்டில் எங்களோடு தமிழ்தான் என்றாலும், "ம்", "சரி", "பசிக்குது" என்பதற்கு மேல் போவதில்லை. வெளி மாநிலத்தில் பிள்ளை வளர்க்கும் அன்பர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அரை மணி நேரம் சேர்ந்தாற்போல் அவள் தமிழில் கதை பேசுவது பாட்டியோடு மட்டும்தான். ஆக, அந்த ஞாயிற்றுக்கிழமை அவளுக்குத் தமிழ் வகுப்பும்கூட.

சில மாதங்களாக அந்த வகுப்பு சரியாக நடக்கவில்லை. பேசிக்கொண்டிருக்கும்போதே படம் உறைந்துபோகும். பாட்டி வாயைத் திறந்தபடி, கையைத் தூக்கியபடி, சிலையாக இருப்பார். மகள் கொஞ்சம் பொறுத்துப் பார்ப்பாள். பிறகு, "பாட்டி நின்னுட்டாங்க" என்று அறிவித்துவிட்டுப் பந்தை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள். அந்தப் பக்கம் அம்மாவுக்கும் இதே கதைதான். "புள்ள என்னமோ சொல்ல வந்துச்சு, அப்படியே நின்னுடுச்சு" என்பார். காது கேட்பவருக்குப் படம் நின்றாலும் குரல் துண்டு துண்டாகவாவது வரும். அம்மாவுக்குப் படம் நின்றால் எல்லாமே நின்ற மாதிரி.

இதை ஒரு தொல்லை என்ற அளவில்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு ஞாயிறு, "விடியக்காலம் கிணத்தடியில வழு..." என்ற இடத்தில் படம் நின்றது. மறுபடி இணைத்துப் பார்த்தோம், வரவில்லை. கிணற்றடி வழுக்குகிறது, பிளீச்சிங் பவுடர் போடச் சொல்ல வேண்டும் என்று எண்ணிக்கொண்டு படுத்துவிட்டேன். செவ்வாய்க்கிழமை என் தங்கை கணவர் போன் செய்தபோதுதான் தெரிந்தது, அம்மா வழுக்கி விழுந்து மணிக்கட்டு வீங்கி, இரண்டு நாளாக மஞ்சள் பற்றுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் என்று. எலும்பு முறியவில்லை, தெய்வாதீனம். ஆனால் எனக்கு அன்று சோறு இறங்கவில்லை.

எல்லோரும் செய்வதையே நானும் செய்தேன். இணைப்புக் கொடுத்தவர்களை அழைத்துச் சத்தம் போட்டேன். ஒரு பையன் வந்தான். ரூட்டருக்கு ஓரடி தூரத்தில் நின்று தன் கைப்பேசியில் சோதனை செய்தான். 94 என்று காட்டியது. எங்களுடையது 100 மெகாபிட் திட்டம். "ஸ்பீடு பாகுந்தி சார்" என்றான். பிறகு கொஞ்சம் யோசித்து, "300 பிளானுக்கு மாறிடுங்க சார், எல்லாம் சரியாயிடும்" என்று தமிழில் ஒரு யோசனையும் சொன்னான். நானும் மாறுவதற்குத் தயாராகத்தான் இருந்தேன். என் மனைவி குறுக்கிட்டாள். "ஏங்க, ஃபேக்டரியில ஒரு மெஷின் நின்னா உடனே பெரிய மெஷின் வாங்கிடுவீங்களா? எங்க கோளாறுன்னு பார்க்க மாட்டீங்களா?"

சுரீரென்றது. காரணம், நான் ஸ்ரீ சிட்டியில் ஒரு தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை பார்ப்பவன். அளக்காமல் எதையும் ஒப்புக்கொள்ளக் கூடாது என்று இருபது பேருக்குப் பாடம் நடத்துகிறவன்.

எங்கள் ஊரைப் பற்றி

ஸ்ரீ சிட்டி தெரியாத அன்பர்களுக்காக இரண்டு வரி. சென்னையிலிருந்து கல்கத்தா நெடுஞ்சாலையில் வடக்கே சுமார் 55 கிலோமீட்டர் வந்து, ஆரம்பாக்கத்தைத் தாண்டினால் ஆந்திரா. தடா. அதையொட்டி 2008-ல் தொடங்கப்பட்ட தொழில் நகரம் இது. கார், சாக்லேட், ஏ.சி., பற்பசை என்று ஏதேதோ தயாராகிறது. 2013-ல் தகவல் தொழில்நுட்பக் கல்விக்கென ஒரு மத்திய நிறுவனமும் இங்கே வந்தது. முன்பு சித்தூர் மாவட்டம்; 2022 ஏப்ரலில் மாவட்டங்களைப் பிரித்ததிலிருந்து திருப்பதி மாவட்டம். தினமும் சென்னையிலிருந்து சூலூர்பேட்டை ரயிலிலும் கம்பெனி பஸ்களிலும் வந்து போகிற தமிழர்கள் ஏராளம். எங்களைப் போல் இங்கேயே வாடகைக்கு வீடு பிடித்துத் தங்கிவிட்டவர்களும் உண்டு. 1960 ஏப்ரல் 1-ம் தேதி திருத்தணி சென்னை ராஜ்ஜியத்துக்குப் போனது. பதிலுக்குச் செங்கல்பட்டு மாவட்டத்தின் சில பகுதிகள் ஆந்திராவுக்கு வந்தன. சத்தியவேடு கடைத்தெருவில் இன்றும் தமிழில் பேரம் பேசலாம்.

எல்லையில் குடியிருப்பதில் ஒரு வேடிக்கை உண்டு. வேகம் அளக்கும் செயலி, பக்கத்தில் உள்ள ஏதாவது ஒரு சர்வரைத் தானே தேர்ந்தெடுத்துக்கொள்ளும். என் வீட்டில் அது ஒரு நாள் சென்னை என்கிறது, ஒரு நாள் திருப்பதி என்கிறது, திடீரென்று ஹைதராபாத் என்கிறது. மூன்றுக்கும் மூன்று எண் வரும். எந்த ஊர் என்று பார்க்காமல், "நேற்று 90, இன்று 60, மோசம் செய்கிறார்கள்" என்று கொதிப்பது வீண். நான் சென்னையை மட்டும் நிலையாக வைத்துக்கொண்டேன். ஒரு தராசில்தானே நிறுக்க வேண்டும்?

எண்களின் கதை

1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். நம் நாட்டில் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டபோது, டெலிபோன் கம்பி வழியாக விநாடிக்கு 9.6 கிலோபிட் வந்தால் பெரிய விஷயம். ஒரு புகைப்படம் திரையில் மேலிருந்து கீழாகக் கோலம் போடுவது போல் இறங்கும். அதற்குள் காபி போட்டுக் குடித்துவிடலாம். 2004-ல் அரசாங்கம் 256 கிலோபிட்டுக்குக் குறையாமல் இருந்தால்தான் 'பிராட்பேண்ட்' என்றது. 2013-ல் அது 512 ஆயிற்று. 2023-ல் 2 மெகாபிட் ஆயிற்று. இந்த ஆந்திர மாநிலத்தில் அரசே மின்கம்பங்களின் மேல் கண்ணாடி இழைக் கம்பியைக் கட்டி இழுத்து, 2017 டிசம்பர் 27 அன்று அப்போதைய ஜனாதிபதி ராம்நாத் கோவிந்தை வைத்துத் தொடங்கிவைத்தது. மாதம் 149 ரூபாய்க்கு 15 மெகாபிட் இணையம், கூடவே டி.வி., டெலிபோன் என்பது அன்றைய விளம்பரம். விலை அப்படியே நிற்கவில்லை. ஆனாலும் கிராமத்து மின்கம்பத்தில் கண்ணாடி இழை ஊஞ்சலாடுவதை நான் முதலில் பார்த்தது அப்போதுதான்.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், தெளிவான முகத்தோடு வீடியோவில் பேச 2 முதல் 4 மெகாபிட் போதும். நம்மிடம் இருப்பது 100. அப்படியிருக்கப் பாட்டி ஏன் நிற்க வேண்டும்? 300 வாங்கினால் ஏன் நிற்காமல் இருப்பார்?

விளம்பரத்தில் பெரிய எழுத்தில் போடும் எண் இறங்குகிற வேகம். அதாவது வெளியிலிருந்து நம் வீட்டுக்குள் வருவது. சினிமா பார்க்க அது போதும். ஆனால் பேச்சு என்பது இரு வழி. என் மகளின் முகம் மன்னார்குடிக்குப் போவது ஏறுகிற வேகத்தில். அதைத் திட்டத்தின் தாளில் தேடிப் பார்த்தேன். பின்பக்கத்தில் பொடி எழுத்தில் 20 மெகாபிட் என்றிருந்தது. மூன்றாவதாக இன்னொரு எண் உண்டு. அனுப்பியது போய்ச் சேர்ந்து பதில் திரும்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்பது. இதை மில்லி விநாடியில் சொல்வார்கள். அதாவது ஒரு விநாடியை ஆயிரம் பங்காக்கினால் எத்தனை பங்கு. பேச்சுக்கு உயிர் இந்த மூன்றாவது எண்ணில்தான் இருக்கிறது. யாரும் இதைக் கண்டுகொள்வதில்லை.

போகிற போக்கில் ஒன்று. மெகாபிட் வேறு, மெகாபைட் வேறு. எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட். 100 மெகாபிட் இணைப்பில் ஒரு கோப்பு இறங்கும்போது விநாடிக்கு 12 மெகாபைட் என்று காட்டினால் யாரும் உங்களை ஏமாற்றவில்லை. என் மேலாளர் ஒருவர் இந்தக் கணக்குப் புரியாமல் ஓராண்டு சண்டை போட்டிருக்கிறார்.

நோட்டுப் புத்தகமும் நானும்

மகளின் பழைய நாற்பது பக்க நோட்டை எடுத்துக்கொண்டேன். ஒரு வாரம், காலை ஆறு, மாலை ஆறு, இரவு எட்டு, பதினொன்று. ஒவ்வொரு வேளையும் மூன்று முறை அளந்து நடுவில் உள்ளதை எழுதினேன். முதலில் கம்பி. மேஜைக் கணிப்பொறியை நேராக ரூட்டரில் சொருகி, வீட்டில் மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு அளந்தேன். இறங்குவது 94, ஏறுவது 19, காத்திருப்பு 9 மில்லி விநாடி. இரவு எட்டுக்கும் ஏறத்தாழ இதேதான். அதாவது தெருவிலிருந்து என் வீட்டு ரூட்டர் வரை வருகிற சரக்கில் பழுதில்லை. அந்தப் பையனை அவ்வளவு கடுமையாகப் பேசியிருக்க வேண்டாம்.

இந்த 94-க்கு ஒரு கிளைக்கதை. பக்கத்து வீட்டு நண்பர் 300-க்கு மாறியவர். அவருக்கும் 94-தான் வந்தது. அவருடைய ரூட்டர் பழசு. அதன் வாயில்கள் 100-க்கு மேல் தாங்காத ரகம். நடைமுறையில் அதிலிருந்து 94-க்கு மேல் கறக்க முடியாது. மாதாமாதம் கூடுதல் பணம் கட்டி, அதை வாசலிலேயே கொட்டிக்கொண்டிருந்திருக்கிறார். சில வீடுகளில் ரூட்டர் புதிதாக இருக்கும். கம்பிக்குள் எட்டு இழைக்குப் பதில் நான்கு இழை மட்டும் இணைத்திருப்பார்கள். அங்கேயும் அதே 94-தான்.

அடுத்து வை-ஃபை. கூடத்தில் 92. சமையலறையில் 40. மகளின் அறையில், அதாவது பாட்டி வந்து பேசும் அதே அறையில், இறங்குவது 11, ஏறுவது 3. நோட்டில் எழுதும்போதே எனக்குச் சிரிப்பு வந்தது. 100-ஐ வாங்கி 3-ஐ அனுபவித்துக்கொண்டிருக்கிறோம்!

கம்பிக்காரர்கள் ரூட்டரை எங்கே வைப்பார்கள்? சுவரில் எங்கே ஓட்டை போடுவது சுலபமோ அங்கே. எங்கள் வீட்டில் டி.வி.க்குப் பின்னால், பரணுக்குக் கீழே. அங்கிருந்து மகளின் அறைக்கு நடுவில் இரண்டு கான்கிரீட் சுவர்; போதாததற்கு என் மாமனார் சீராகக் கொடுத்த இரும்பு பீரோ. வை-ஃபை அலைக்கு இரும்பு என்றால் கதவடைத்த மாதிரி. இரண்டு அலைவரிசைகள் உண்டு. 2.4 கிகாஹெர்ட்ஸ் என்பது தூரம் போகும், சுவர் தாண்டும், ஆனால் மெது. 5 கிகாஹெர்ட்ஸ் வேகம், ஆனால் சுவரைக் கண்டால் சோர்ந்துவிடும். முதல் வகையில் ஒன்றையொன்று இடிக்காத தடங்கள் 1, 6, 11 என்று மூன்றே மூன்று. எங்கள் மாடிக் குடியிருப்பில் பன்னிரண்டு வீட்டு ரூட்டர்கள் அந்த மூன்று தடத்தில் முண்டியடிக்கின்றன. நாங்கள் இருந்த 6-வது தடத்தில் மட்டும் ஏழு பேர். மைக்ரோவேவ் அடுப்பும் இதே அலைவரிசைக்காரர்தான். இரவு எட்டு மணி, எல்லா வீட்டிலும் சாப்பாடு சூடு பண்ணும் நேரம் என்பதை யோசித்துக்கொள்ளுங்கள்.

ரூட்டரை டி.வி.க்குப் பின்னாலிருந்து எடுத்துக் கூடத்தின் நடுச்சுவரில் ஆளுயரத்துக்கு மேல் மாட்டினேன். தடத்தை 11-க்கு மாற்றினேன். பீரோவை எதிர்ச்சுவருக்கு நகர்த்த நானும் மகனும் ஒரு சனிக்கிழமையைச் செலவழித்தோம். மகள் அறையில் இறங்குவது 48, ஏறுவது 17. ஒரு பைசா செலவில்லை. இடுப்பு பிடித்துக்கொண்டதைச் செலவில் சேர்க்கவில்லை.

ரூட்டரை நகர்த்தும்போதுதான் இன்னொன்று கண்ணில் பட்டது. கண்ணாடி இழைக் கம்பியைக் கதவு நிலையில் நேர்க்கோணமாக மடித்து ஆணியடித்திருந்தார்கள். இழைக்குள் ஓடுவது ஒளி. கூர்மையாக மடித்தால் ஒளி வளைவில் வெளியே கசிந்துவிடும். பையனை மறுபடி அழைத்தேன், இம்முறை மரியாதையாக, டீ கொடுத்து. மீட்டரை வைத்துப் பார்த்து, "மைனஸ் 26 சார், விளிம்புல இருக்கு" என்றான். கம்பியை அகல வளைவாக விட்டுக் கட்டியதும் மைனஸ் 20. இந்த எண் பூஜ்யத்தை நெருங்க நெருங்க ஒளி அதிகம் என்று அர்த்தம். மழை நாட்களில் எங்கள் ரூட்டரில் சிவப்பு விளக்கு அடிக்கடி கண் சிமிட்டியதன் காரணம் இதுவாகத்தான் இருக்க வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது கம்பமே சாய்ந்தது. அதற்கு நான் யாரையும் நோகவில்லை.

சோதனைச் சாவடியில் ஆம்புலன்ஸ்

இவ்வளவும் செய்த பிறகு அந்த ஞாயிறு பெருமையோடு உட்கார்ந்தேன். எட்டு பத்துக்குப் பாட்டி நின்றுவிட்டார்!

நோட்டைப் பார்த்தேன். எல்லா அளவும் நன்றாகவே இருக்கிறது. பிறகு உறைத்தது. நான் அளந்ததெல்லாம் வீட்டில் மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு. ஞாயிறு இரவு யாரும் எதையும் அணைப்பதில்லை. என் மகன் கல்லூரிக்காரன். ஞாயிறு முழுதும் நண்பர்களோடு உப்பலமடுகு அருவி, பழவேற்காடு ஏரி என்று சுற்றிவிட்டு எட்டு மணிக்கு வீடு திரும்புவான். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அவன் கைப்பேசி வை-ஃபையைப் பிடித்து, அன்று எடுத்த இருநூறு படம், இருபது வீடியோ எல்லாவற்றையும் சேமிப்பகத்துக்கு ஏற்ற ஆரம்பித்துவிடும். அவனுக்கே தெரியாது.

மறுபடி அளந்தேன், இம்முறை அவன் கைப்பேசி ஏற்றிக்கொண்டிருக்கும்போதே. 9 மில்லி விநாடியாக இருந்த காத்திருப்பு 800-ஐத் தாண்டியது. ஏறக்குறைய ஒரு விநாடி!

ஜி.எஸ்.டி. வருவதற்கு முன் இந்த எல்லை வழியாக வந்த அன்பர்களுக்குத் தடா சோதனைச் சாவடி ஞாபகம் இருக்கும். நெடுஞ்சாலை என்னவோ அகலம்தான். ஆனால் சாவடியில் லாரிகள் வரிசை கட்டி நிற்கும். அந்த வரிசைக்குப் பின்னால் ஓர் ஆம்புலன்ஸ் மாட்டிக்கொண்டால் அதன் எஞ்சின் எவ்வளவு வேகமானதாக இருந்து என்ன பயன்? மகனின் வீடியோக்கள் லாரிகள். மகளின் முகம் ஆம்புலன்ஸ். ரூட்டரும் மோடமும், வருவதை எல்லாம் கீழே போடாமல் வரிசையில் நிறுத்திவைக்கின்றன. நல்ல எண்ணம்தான். ஆனால் வரிசை நீண்டுவிட்டால், வந்து சேர்வதற்குள் செய்தி பழசாகிவிடுகிறது.

இது என் வீட்டுக் கண்டுபிடிப்பு அல்ல. 2010 வாக்கில் ஜிம் கெட்டிஸ் என்ற அமெரிக்கப் பொறியாளர் தம் வீட்டில் பெரிய கோப்பு ஒன்றை அனுப்பும்போதெல்லாம் மற்ற வேலைகள் முடங்குவதைக் கவனித்து, துருவிப் போய், இதற்கு 'பஃபர்ப்ளோட்' என்று பெயர் வைத்தார். வரிசை வீக்கம் என்று வைத்துக்கொள்ளலாம். நினைவகம் மலிவாகிவிட்டதால் கருவி செய்கிறவர்கள் வரிசைக்கு இடத்தை அள்ளிக் கொடுத்துவிட்டார்கள், அதுவே வினையாயிற்று. 2012-ல் காத்லீன் நிக்கோல்ஸ், வான் ஜேக்கப்சன் என்ற இருவர் வரிசையைக் குட்டையாக வைத்திருக்கும் ஒரு முறையை வெளியிட்டார்கள். அது இப்போது சில ரூட்டர்களிலேயே இருக்கிறது.

எங்களுடையது அப்படிப்பட்ட உயர்சாதி ரூட்டர் இல்லை. ஆனால் அமைப்புப் பக்கத்தில் ஏறுகிற வேகத்துக்கு வரம்பு வைக்க ஓர் இடம் இருந்தது. 19 போகக்கூடிய இடத்தில் 16 என்று குறித்தேன். கேட்பவர்களுக்கு இது பைத்தியக்காரத்தனமாகத் தோன்றும். வேகம் வேண்டும் என்று அழுகிறவன் வேகத்தைக் குறைப்பானா? ஆனால் லாரிகளை நாமே சாவடிக்கு முன்னால் மெதுவாக விட்டால் சாவடியில் வரிசை சேராது. காத்திருப்பு 800-லிருந்து 40-க்கு வந்தது. மகனிடம் சொல்லிப் படங்களை நள்ளிரவுக்கு மேல் ஏற்றும்படி மாற்றச் சொன்னேன். "இதுக்கா மூணு வாரமா நோட்டும் கையுமா சுத்தினீங்க, என்னைக் கேட்டிருக்கலாமே" என்றான். கேட்டிருக்கலாம்தான்.

பெரிய வீடு உள்ளவர்கள் கடையில் 'ரிப்பீட்டர்' என்று விற்பதை வாங்குமுன் யோசியுங்கள். மலிவான ரகம் ஒரே அலைவரிசையில் வாங்கி அதிலேயே திருப்பி அனுப்புவதால் வேகம் ஏறத்தாழப் பாதியாகிவிடும். ஒரு கம்பியைச் சுவரோரமாக ஓட்டி, மறுமுனையில் பழைய ரூட்டரைப் பொருத்துவது எவ்வளவோ மேல். எங்களுக்கு அது தேவைப்படவில்லை.

மறுமுனை

இரண்டு ஞாயிறு நன்றாகப் போயிற்று. மூன்றாவது ஞாயிறு பாட்டி மறுபடியும் தடுமாறினார். நிற்கவில்லை; கட்டம் கட்டமாகக் கலைந்தார். இம்முறை என் வீட்டு எண்கள் எல்லாம் சரி. அப்போதுதான் எனக்கு, பேச்சுக்கு இரண்டு முனை என்பது நினைவுக்கு வந்தது. நான் பாட்டுக்கு என் முனையையே தேய்த்துக்கொண்டிருந்தேன்.

அம்மா வீட்டில் கம்பி இணைப்பு இல்லை. கைப்பேசி டேட்டாதான். தங்கை மகனை அனுப்பி அங்கேயும் அளக்கச் சொன்னேன். அவன் வீட்டுக்குள் நடுஅறையில், இரவு எட்டு மணிக்கு அளந்தான். ஏறுவது 0.8. திண்ணையில் 4. மாலை ஆறரைக்குத் திண்ணையில் 7. பழைய காலத்து வீடு, கனத்த சுவர். எட்டு மணிக்கு ஊரே சீரியல், கிரிக்கெட் என்று ஒரே கோபுரத்தில் தொங்குகிறது. அம்மா ஏன் நடுஅறையில் உட்கார்ந்து பேசுகிறார் என்று கேட்டேன். "சார்ஜர் ஒயர் அங்கதானேடா எட்டுது" என்றார். நீளமான ஒயர் ஒன்று வாங்கிக் கொடுத்தோம். பேச்சு நேரம் ஆறரை ஆயிற்று.

தினசரி அளவு தீர்ந்ததும் வேகத்தைக் குறைத்துவிடும் திட்டங்கள் கைப்பேசியில் அதிகம். அம்மாவுக்கு அந்தக் கவலையில்லை. அவர் வேறு எதையும் பார்ப்பதில்லை. உங்கள் வீட்டுப் பெரியவர்கள் பகலெல்லாம் பக்திச் சொற்பொழிவு பார்ப்பவர்களானால், மாலையில் உங்களோடு பேச மிச்சம் இருக்கிறதா என்று விசாரியுங்கள்.

எல்லாம் சரிபார்த்தும், கம்பியில் நேராக அளந்தும் வேகம் வரவில்லை என்றால் அப்போது சண்டை போடலாம், ஆனால் தாளோடு. தேதி, நேரம், கம்பியா வை-ஃபையா, எந்த ஊர் சர்வர், மூன்று எண்கள். புகார் கொடுத்தால் ஒரு பதிவு எண் தர வேண்டும். அதை வாங்காமல் போனை வைக்காதீர்கள். பதில் திருப்தியில்லை என்றால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு 30 நாளுக்குள் எழுதலாம் என்று டிராய் ஆணையத்தின் 2012-ம் ஆண்டு விதி சொல்கிறது. அந்த ஆணையமே 2016-ல் 'மைஸ்பீடு' என்று ஓர் அளவுச் செயலியை வெளியிட்டது. என்னைப் போல முதலில் குரலை உயர்த்திவிட்டுப் பிறகு அளப்பது சரிப்படாது.

போன ஞாயிறு ஆறரைக்கு அம்மா திண்ணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பின்னால் தெருவில் மாடு போகிறது, சைக்கிள் போகிறது, எட்டிப் பார்க்கிறவர்கள் எல்லாம் எங்களுக்குக் கையாட்டுகிறார்கள். மகள் பேச வாயைத் திறந்ததுமே, "ஏண்டி தங்கம், மேல் பல்லு எப்ப விழுந்துச்சு?" என்றார். விழுந்து பத்து நாளாகிறது. அதற்கப்புறம் பல்லை யார் எடுத்தார்கள், எங்கே போட்டீர்கள், கூரையில் போடாமல் குப்பையில் போட்டது யார் என்று பெரிய விசாரணை நடந்தது. மகள் முக்கால் மணி நேரம் பதில் சொன்னாள், முழுக்கத் தமிழில். நடுவில் 'பல்லு ஊடிப்போயிந்தி' என்று ஒருமுறை தெலுங்கு வந்தது. உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்த அம்மா, "என்ன, ஊதிப் போச்சா?" என்று கேட்டார்.